யாரும் காணாத காட்சி

கடலூரில் காட்சித் தொடர்பியல் பயிலும் மாணவர்கள் சிலர், பயிற்சிக்காகப் பழைய தமிழ்ப்படக் காட்சி ஒன்றை மீளப் படமாக்க விரும்பி எங்கள் நண்பர் குழுவை நாடி வந்தனர். அவர்கள் தேர்ந்தது, 1942இல் எஸ். எஸ். வாசனின் ஜெமினி தயாரித்த ‘நந்தனார்’. அதில் நந்தன் தில்லையை அடையும் இறுதிக் கட்டம். சிதம்பரத்துக்குத் தெற்கே, அறுவடை முடிந்த வயல் ஒன்றில் கூடினோம். கேமராவை எங்கே நிறுத்துவது என்ற பேச்சிலேயே அரைநாள் கழிந்தது.

கடலூரிலிருந்து வருபவர் வடக்கிலிருந்து நகருக்குள் நுழைகிறார். நந்தனின் ஆதனூரோ கொள்ளிடக்கரை ஊர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் திருநாளைப்போவார் புராணத்தைப் பாடிய சேக்கிழார், தீக்குழி அமைந்த இடத்தைத் துல்லியமாகக் குறித்திருக்கிறார்: தெற்கு மதிலுக்கு வெளியே, திருவாயிலுக்கு முன்னே. மாணவர்கள் முதலில் கேமராவைக் கோயில் பக்கம் நிறுத்தி, நந்தன் எதிரே வருவதாகத் திட்டமிட்டிருந்தனர். அழகான கோணம்தான். ஆனால் அவ்வாறு நிறுத்தினால் பார்வையாளர் மதிலுக்கு உள்ளே நிற்பவராகிவிடுகிறார். நந்தன் அவரிடம் அனுமதி கேட்டு வருபவனாகிறான். இதைச் சுட்டியபோது மாணவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர்.

நந்தன் கதையின் வரலாறே ஒருவகையில் கோணங்களின் வரலாறு. சேக்கிழாரிடம் ஆண்டை என்றொரு பாத்திரம் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் தம் ‘நந்தனார் சரித்திரக் கீர்த்தனை’யில் வேதியரைப் படைத்து, நாற்பது வேலி நிலத்தையும் ஒரே இரவில் முடியும் அறுவடையையும் சேர்த்தார். கதை மதில்வாயிலிலிருந்து வயல்வரப்புக்கு நகர்ந்தது. தடுப்பது கோயில் மட்டுமன்று, கூலியும் என்றாயிற்று. மேடையும் திரையும் அவ்வழியே சென்றன. 1935இல் வந்த ‘பக்த நந்தனா’ரில் கே. பி. சுந்தராம்பாள் நந்தனாக நடித்தார். அவர் பெற்ற ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் அன்று ஊரெங்கும் பேச்சாயிருந்தது. வேதியராக வந்தவர் மகாராஜபுரம் விசுவநாத ஐயர். ஜெமினி படத்தில் நந்தனாகப் பாடி நடித்த எம். எம். தண்டபாணி தேசிகர், பின்னாளில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசைப் பேராசிரியராகச் சிதம்பரத்துக்கே வந்து சேர்ந்தார்.

திரைக்கு வெளியேயும் இக்கதை நடந்துகொண்டிருந்தது. 1916இல் சுவாமி சகஜானந்தர் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்காகச் சிதம்பரத்தில் பள்ளி தொடங்கி, அதற்கு நந்தனார் பெயரையே வைத்தார். தீயில் இறங்கி மேனி மாறாமலும் உள்ளே போக முடியும் என்பதற்கு அவர் கண்ட வாயில் அது. 1939இல் சென்னை மாகாணம் ஆலயப் பிரவேசத்துக்குச் சட்டம் இயற்றியது. அதற்கு மூன்றாண்டு கழித்து வந்த படத்தைப் பார்த்தவர்களுக்கு நந்தன் வெறும் புராணப் பாத்திரமாக இருந்திருக்க முடியாது.

தீ கண்ணுக்கு விருந்து. அதில் ஓர் ஆபத்தும் உண்டு: ஏன் இவனுக்கு மட்டும் தீ வேண்டியிருந்தது என்ற கேள்வியை அதன் ஒளி மறைத்துவிடுகிறது. சேக்கிழார் இந்த ஒளியோடு நிறுத்தவில்லை. முனிவர் கோலத்தில் எழுந்தவர் கோபுரத்தைத் தொழுது உள்ளே செல்கிறார். அதன்பின் எவரும் அவரைக் காணவில்லை என்கிறார். காட்டியே ஆகவேண்டிய கலையான சினிமா, காணாமற்போவதை எப்படிக் காட்டும்?

மாணவர்கள் இறுதியில் கேமராவைத் தெற்கே கொண்டுவந்து நந்தனின் முதுகுக்குப் பின்னால் நிறுத்தினர். தீ சட்டகத்துக்குள் வரவில்லை. அதன் செவ்வொளி மட்டும் அவன் தோள்களில் ஆடியது. அவன் நடந்து விலகியபின், கோபுரமும் வெறும் வயலும் நெடுநேரம் திரையில் நின்றன.

படப்பிடிப்பு முடிந்து சாமான்களைக் கட்டும்போது, நந்தனாக நடித்த மாணவர் எங்களிடம் ஒன்று கேட்டார்: “உள்ளே போனவர் திரும்பி வரவில்லை. ஆதனூர்ச் சேரியில் காத்திருந்தவர்களுக்கு இதை யார் போய்ச் சொல்லியிருப்பார்கள், ஐயா?”

எங்களிடம் விடை இல்லை. சேக்கிழாரும் சொல்லவில்லை. அந்தக் காட்சியை இன்னும் யாரும் எடுக்கவில்லை என்றே தோன்றுகிறது.