ஐந்து பேருக்குப் பங்கு

போக்கர் போட்டியில் எதிராளி தன் முன்னால் இருக்கும் சில்லுகள் அத்தனையையும் நடுவில் தள்ளி 'ஆல்-இன்' என்று சொல்லிவிட்டால், எதிரே இருப்பவருக்கு இரண்டே வழிதான். ஈடாகத் தன் சில்லுகளை வைத்து 'கால்' சொல்ல வேண்டும். இல்லையென்றால் ரம்மியில் ஸ்கூட் விடுவதுபோல் சீட்டைப் போட்டுவிட்டு ஒதுங்க வேண்டும். மூணு சீட்டில் ஷோ கேட்டுத் தோற்றவர் பையில் கைவிட்டு, இருக்கும் பணத்தை எடுத்து அடுத்த ஆட்டத்தில் உட்காரலாம். ஒருமுறை மட்டுமே நுழைய முடிகிற போட்டியில் அதற்கு வழியில்லை. இருப்பதெல்லாம் போனால் நாற்காலியை விட்டு எழ வேண்டியதுதான். இந்த முடிவைச் சீட்டின் பலமும் ஆளின் நெஞ்சுரமும்தான் தீர்மானிக்கின்றன என்றே திரைப்படங்களும் கதைகளும் காட்டிவந்திருக்கின்றன. ஆட்டத்தின் வரலாற்றைப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. பரிசுப் பணத்தை யார் யாருக்கு எவ்வளவு என்று பிரித்து எழுதியிருக்கும் பட்டியல், சீட்டைப் பிரிப்பதற்கு முன்பே அந்த முடிவின் பெரும்பகுதியை எழுதிவிடுகிறது. பங்கீடு மாறியபோது, அதே சீட்டுக்குரிய சரியான விடையும் மாறியது.

லாஸ் வேகாஸில் பென்னி பினியன் நடத்திய ஹார்ஸ்ஷூ விடுதியில் 1970இல் உலகப் போக்கர் தொடர் தொடங்கியது. முதலாண்டில் வெற்றியாளரை ஆட்டக்காரர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுத்தார்கள். ஜானி மாஸ் பெயர் வந்தது. கடைசி ஆள் மிஞ்சும்வரை ஆடும் முறை 1971இல்தான் வந்தது. நுழைவுத் தொகை அந்த ஆண்டு 5,000 டாலர், அடுத்த ஆண்டு 10,000. அங்கே உட்கார்ந்தவர்களில் முன்னணியில் இருந்தவர்கள் ஊர் ஊராகக் காரில் போய்ச் சீட்டாடிப் பிழைத்த டெக்சஸ்காரர்கள். பரிசு ஒருவருக்கே. 1976இல் 22 பேர் கட்டிய 2,20,000 டாலரையும், மறு ஆண்டு 34 பேர் கட்டிய 3,40,000 டாலரையும் டாயில் பிரன்சனே முழுவதுமாக எடுத்துக்கொண்டார். இரண்டாவதாக வந்தவருக்கு அதிகாரப்பூர்வமாக ஒரு காசும் கிடையாது. இப்படிப்பட்ட போட்டியில் கணக்கு நேரானது. எல்லோருடைய திறமையும் சமம் என்று கொண்டால், மேசையிலுள்ள சில்லுகளில் கால்பங்கு வைத்திருப்பவருக்கு வெல்லும் வாய்ப்பும் கால்பங்குதான். சில்லு இரண்டு மடங்கானால் வாய்ப்பும் இரண்டு மடங்காகும். ஆகவே பாதிக்கு மேல் வெல்லும் வாய்ப்பு இருந்தால் 'கால்' சொல்லலாம். நடுவில் ஏற்கெனவே கிடக்கும் பணத்தையும் சேர்த்துப் பார்த்தால் அதற்குச் சற்றுக் குறைவாக இருந்தாலும் சொல்லலாம். டெக்சஸ்காரர்கள் அஞ்சாமல் சில்லுகளைத் தள்ளினார்கள், அஞ்சாமல் ஈடு வைத்தார்கள் என்று புகழ்வதுண்டு. அந்தப் புகழில் ஒரு பங்கு, எல்லாம் அல்லது ஒன்றுமில்லை என்றிருந்த பரிசு முறைக்குப் போய்ச் சேர வேண்டும். இரண்டாமிடத்துக்குக் கூலி இல்லாத இடத்தில் இரண்டாமிடத்தைக் காப்பாற்ற யாரும் பதுங்க மாட்டார்கள்.

1978இல் அந்தப் பட்டியல் மாறியது. 42 பேர் ஆடினார்கள். சேர்ந்த 4,20,000 டாலரை முதல் ஐந்து பேருக்குப் பிரித்தார்கள். வென்ற பாபி பால்ட்வினுக்குப் பாதி, அதாவது 2,10,000. இரண்டாவது வந்த கிராண்டல் ஆடிங்டனுக்கு 84,000. ஐந்தாமவருக்கு 21,000. ஆறாமவருக்கு ஒன்றுமில்லை. போட்டி நடத்துகிறவர்களுக்கு இது வெறும் நிர்வாக மாற்றமாகத் தோன்றியிருக்கலாம். ஆட்டத்தின் உள்ளேயோ இது எல்லாவற்றையும் புரட்டிப்போட்டது. அதைப் புரிந்துகொள்ள ஒரு சிறு கணக்கு போதும். நான்கு பேர் மிஞ்சியிருக்கிறார்கள், நால்வரிடமும் சில்லு சமம், பரிசு மூவருக்கு மட்டும்: 50, 30, 20 என்று வைத்துக்கொள்வோம். நால்வரின் நிலையும் சமம் என்பதால் ஒவ்வொருவர் இடத்துக்கும் மதிப்பு 25. ஒருவர் ஆல்-இன் போகிறார், இன்னொருவர் 'கால்' சொல்கிறார். தோற்பவருக்குச் சுழியம். வெல்பவரிடம் இப்போது மொத்தச் சில்லுகளில் பாதி இருக்கும்; ஆனால் அவர் இடத்தின் மதிப்பு 50 ஆவதில்லை, ஏறக்குறைய 38தான் ஆகிறது. எத்தனை சில்லு குவித்தாலும் முதல் பரிசுக்கு மேல் வாங்க முடியாதே. மீதி எங்கே போயிற்று? சீட்டைத் தொடாமல் வேடிக்கை பார்த்த மற்ற இருவரிடம். அவர்களுக்குப் பரிசு உறுதியாகிவிட்டது. அவர்களின் மதிப்பு 25இலிருந்து ஏறக்குறைய 31 ஆக ஏறிவிட்டது. கட்டாயப் பந்தயங்களை ஒதுக்கிவைத்துப் பார்த்தால், 38ஐப் பெற 25ஐப் பணயம் வைப்பவருக்கு நூற்றுக்கு 65 வெற்றி வாய்ப்பு வேண்டும். ஒருவருக்கே பரிசு என்றால் 50 போதுமானதாக இருந்திருக்கும்.

அந்த 15 புள்ளி வித்தியாசத்தைச் சீட்டில் வைத்துப் பார்க்க வேண்டும். கையில் ராணி ஜோடி இருக்கிறது. எதிராளி தன்னிடம் ஏஸும் ராஜாவும் இருப்பதாகத் திருப்பியே காட்டிவிட்டார் என்று கொள்வோம். ராணி ஜோடி வெல்லும் வாய்ப்பு நூற்றுக்கு ஏறக்குறைய 55. ஜெயிக்கும் பக்கம் தான்தான் என்று ஐயமறத் தெரிந்தும், அந்த இடத்தில் சீட்டைப் போட்டுவிட வேண்டும். 1976இல் அதே ராணிகளைப் போட்டிருந்தால் அது பிழை. இதைவிடத் தெளிவான சான்று தகுதிச் சுற்றுப் போட்டிகளில் கிடைக்கிறது. 10 பேருக்கு ஒரே மாதிரி பெரிய போட்டியின் இடம் பரிசு என்று வைத்துக்கொள்வோம். 11 பேர் மிஞ்சியிருக்கிறார்கள். ஒருவரிடம் சில்லு மலையாகக் குவிந்திருக்கிறது, வேறு சிலரோ ஒன்றிரண்டு சுற்றில் தீர்ந்துபோகும் நிலையில் இருக்கிறார்கள். தன்னை வெளியேற்றும் அளவு சில்லுள்ள இன்னொருவர் ஆல்-இன் போனால், சில்லு குவித்து வைத்திருப்பவர் ஏஸ் ஜோடியையும் போட்டுவிடத்தான் வேண்டும். ஆட்டத்தின் தலைசிறந்த தொடக்கச் சீட்டு அது. என்ன சீட்டென்று தெரியாத ஒரு கைக்கு எதிராக நூற்றுக்கு 85 தடவை வெல்லும். ஆனாலும் வென்று சேர்க்கும் சில்லுக்கு அங்கே வாங்கக்கூடியது எதுவும் இல்லை.

இந்தச் சிக்கலுக்கு வேகாஸைவிட வயது அதிகம். பாதியில் நின்றுபோன ஆட்டத்தின் பணயத்தை எப்படிப் பிரிப்பது என்ற கேள்வியை இத்தாலியக் கணித அறிஞர் லூகா பாச்சோலி 1494இல் அச்சான தம் நூலில் எடுத்துக்கொண்டார். அதுவரை எடுத்த புள்ளிகளின் விகிதத்தில் பிரிக்கலாம் என்றார். நீண்ட ஆட்டத்தில் ஒருவர் ஒரே ஒரு புள்ளியும் மற்றவர் சுழியமும் எடுத்திருக்கும்போது நின்றுவிட்டால் முதலாமவர் முழுப் பணயத்தையும் எடுத்துக்கொள்வதா என்று 1556இல் தார்த்தாலியா மறுத்தார். நியாயமான மறுப்பு. 1654இல் பாஸ்கலும் ஃபெர்மாவும் எழுதிக்கொண்ட கடிதங்களில் விடை கிடைத்தது: எடுத்த புள்ளிகளை எண்ணக் கூடாது, இனி நடக்கக்கூடியவை அனைத்தையும் எண்ண வேண்டும். நிகழ்தகவுக் கணிதம் அங்கே பிறந்ததாகவே சொல்வார்கள். கையிலுள்ள சில்லுகளை எண்ணி அதுவே தன் பணம் என்று நினைக்கும் போக்கர் ஆட்டக்காரர் பாச்சோலியின் பிழையைத்தான் செய்கிறார். முதலிடம் மட்டுமின்றி இரண்டாமிடம், மூன்றாமிட வாய்ப்புகளையும் கணக்கிட ஒரு வழியை 1973இல் டேவிட் ஹார்வில் தந்தார். குதிரைப் பந்தயத்தை வைத்து எழுதிய கட்டுரை அது. 1987இல் மேசன் மால்முத் அதே முறையைப் போக்கர் சில்லுகளுக்குப் பொருத்தினார். மேலே நாம் போட்ட 38 என்ற கணக்கு அந்த வழியில் வந்ததே. 1978க்கும் 1987க்கும் இடையில் ஆடியவர்கள் இந்த வித்தியாசத்தை உள்ளுணர்வால் மட்டுமே தொட்டிருக்க முடியும். அந்த இடைவெளியில், 1982 உலகப் போக்கர் தொடரில், ஜாக் ஸ்ட்ராஸ் தன் சில்லுகளையெல்லாம் இழந்து எழுந்தபோது ஒரே ஒரு சில்லு மேசையில் மிஞ்சியிருந்ததைக் கண்டார் என்றும், 'ஆல்-இன்' என்று வாய்விட்டுச் சொல்லியிராததால் தொடர்ந்து ஆட அனுமதித்தார்கள் என்றும் சொல்வார்கள். அந்த ஆண்டின் 104 பேரில் வென்றவர் அவரே. கடைசிச் சில்லின் மதிப்பு அதில் அச்சிட்டிருக்கும் எண்ணைவிடப் பெரிது என்பதற்கு இதைவிடப் பொருத்தமான கதை கிடைப்பது அரிது.

இதற்கு வலுவான மறுப்பு உண்டு. பதுங்கிப் பதுங்கி ஐந்தாமிடம் பிடிப்பவன் என்றைக்கும் பட்டம் வாங்க மாட்டான். முதல் பரிசே பாதியாக இருக்கும்போது இந்தக் கணக்கு கோழைத்தனத்துக்குப் பூசும் மெருகு என்பார்கள். முதல் பரிசின் கனமும் அந்தக் கணக்குக்குள்ளேயே இருக்கிறது என்பது ஒரு பதில். அதைவிட முக்கியமானது வேறு. ஆல்-இன் போகிறவருக்கு வெல்ல இரண்டு வழி: எல்லோரும் ஒதுங்கிவிடலாம், அல்லது அவர் சீட்டு நிற்கலாம். 'கால்' சொல்பவருக்கு ஒரே வழிதான், சீட்டு நின்றாக வேண்டும். ஆகவே முதலில் தள்ளப் போதுமான சீட்டு, அந்தத் தள்ளலுக்கு ஈடு வைக்கப் போதாது. டேவிட் ஸ்க்லான்ஸ்கி 2002இல் வந்த தம் நூலில் இந்த இடைவெளிக்கு ஒரு பெயரே வைத்தார். பரிசுப் பட்டியல் இந்த இடைவெளியை இன்னும் அகலமாக்குகிறது. 'கால்' சொல்வது கடினமாகக் கடினமாக, முதலில் தள்ளுபவரின் கை ஓங்குகிறது. துணிச்சல் எங்கும் போய்விடவில்லை. பதில் சொல்பவரிடமிருந்து கேள்வி கேட்பவரிடம் இடம் மாறியது. இதைப் புரிந்துகொண்டவர்கள்தான் பரிசு எல்லைக்குச் சற்று முன் மற்றவர்களை நெருக்கிச் சில்லு சேர்க்கிறார்கள்.

இன்னொரு மறுப்பு: சூத்திரத்துக்குத் திறமை தெரியாது, அடுத்த சுற்றில் யார் கட்டாயப் பந்தயம் கட்ட வேண்டும் என்பது தெரியாது, எதிராளியின் முகம் தெரியாது. உண்மைதான். 65 என்பது சில மேசைகளில் 60 ஆகலாம், சிலவற்றில் 70 ஆகலாம். ஆனால் பரிசு பலருக்குப் பகிரப்படும்வரை, இழக்கும் சில்லு வலிக்கும் அளவுக்கு வெல்லும் சில்லு இனிக்காது.

கடைசி இருவர் மிஞ்சும்போது இந்தச் சுவர் முழுவதும் விழுந்துவிடுகிறது. 2003 உலகப் போக்கர் தொடரில் 839 பேரில் அப்படி மிஞ்சியவர்கள், தொழில்முறை ஆட்டக்காரர் சாம் ஃபார்ஹாவும், இணையத் தகுதிச் சுற்றில் வென்று வந்த டென்னசி கணக்காளர் கிரிஸ் மனிமேக்கரும். முதல் பரிசு 25 லட்சம் டாலர், இரண்டாவது 13 லட்சம். அந்த 13 லட்சம் இருவருக்குமே உறுதி. மிச்சமிருக்கும் 12 லட்சத்துக்கு மட்டும்தான் ஆட்டம், அதுவும் வெல்பவருக்கே முழுவதும். வேடிக்கை பார்த்து லாபமடைய மூன்றாமவர் இல்லை. 1976இன் நேர்க்கணக்கு திரும்பி வந்துவிடுகிறது. பாதி வாய்ப்பும் நடுவிலுள்ள பணமும் மட்டுமே கேள்வி. ஒரு கையில் மேசையில் இருவருக்கும் பொதுவான சீட்டுகளாக 9, 2, 6, 8, 3 விழுந்தன. கடைசிச் சீட்டு விழுந்ததும் மனிமேக்கர் ஆல்-இன் போனார். அவரிடம் ஒரு ஜோடிகூட இல்லை. ராஜாவும் 7உம் மட்டும். ஃபார்ஹாவிடம் ராணியும் 9உம், அதாவது மேசையின் பெரிய சீட்டோடு சேர்ந்த ஜோடி. நெடுநேரம் யோசித்தார். ஒதுங்குவதற்குப் பரிசுப் பட்டியல் அங்கே அவருக்கு எந்தக் காரணமும் தரவில்லை. எதிராளியைப் படிப்பது ஒன்றே மிஞ்சியிருந்தது. அவர் சீட்டைப் போட்டுவிட்டார். சற்று நேரத்தில் பட்டம் மனிமேக்கருடையதாயிற்று.