சத்திரத்துப் படித்தரம்

காசியிலிருந்து கங்கை நீரைக் கொண்டுவந்து இராமேசுவரத்தில் அபிஷேகம் செய்வதும், சேதுக்கரை மணலைக் கொண்டுபோய்க் கங்கையில் கரைப்பதும் ஒரே யாத்திரையின் இரண்டு பாதிகள். ரயில் வருவதற்கு முன் இது மாதக்கணக்கில் நடந்தே போக வேண்டிய வழி. காவிரிக் கரையில் இருக்கும்வரை யாத்திரிகருக்கு ஊருக்கும் நிழலுக்கும் குறைவில்லை. தஞ்சாவூரைத் தாண்டித் தெற்கே இறங்கினால் நிலமே மாறிவிடும். ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கம் அந்நாளில் காவிரித் தண்ணீர் எட்டாத மேட்டு நிலம். இன்று அங்கே காணும் நெல்வயல்களில் பெரும்பகுதி, மேட்டூர் அணையோடு 1934இல் வந்த கல்லணைக் கால்வாயால், ஊரார் சொல்லும் புதாற்றால் உண்டானது. அதற்கும் அப்பால் அதிராம்பட்டினம், மணமேல்குடி, மீமிசல் என்று உப்புக்காற்று வீசும் கடலோரம். சோறும் நல்ல தண்ணீரும் தேடி அலைய வேண்டிய இந்த வழியில்தான் தஞ்சை மராட்டிய மன்னர்கள் சத்திரங்களைக் கட்டினார்கள்.

பெரும்பாலான சத்திரங்கள் அரண்மனைப் பெண்களின் பெயரைத் தாங்கின. நீடாமங்கலத்தில் யமுனாம்பாள், ராஜாமடத்தில் மோகனாம்பாள், மணமேல்குடியில் திரௌபதாம்பாள், மீமிசலில் ராஜகுமாராம்பாள். இவற்றில் புகழ்பெற்றது ஒரத்தநாட்டு முக்தாம்பாள் சத்திரம். தம் அன்புக்குரியவள் நினைவாக இரண்டாம் சரபோஜி 1802இல் அதை எழுப்பினார். யானையும் குதிரையும் இழுத்துச் செல்லும் தேர்போல அமைந்த அதன் கல்முகப்பு இன்றும் பார்ப்பவரை நிறுத்திவிடும். வழிப்போக்கருக்குச் சோறு போடும் வீட்டுக்கு இத்தனை அழகு தேவையா என்று கேட்கத் தோன்றலாம். கட்டியவர் அதை ஒரு கோயிலுக்கு நிகராகவே நினைத்தார் என்பதற்கு அந்தக் கல்லே சான்று.

கட்டுவது ஒருநாள் வேலை. நடத்துவது அன்றாட வேலை. ஒவ்வொரு சத்திரத்திலும் நாள்தோறும் அரிசி அளக்க வேண்டும், அடுப்பு எரிய வேண்டும், கிணற்றில் நீர் இறைக்க வேண்டும், நோயாளியைக் கவனிக்க வேண்டும். ஒருநாள் தவறினாலும் பசியோடு திரும்புகிறவன் இருப்பான். தஞ்சாவூர் அரண்மனையில் இருக்கும் ஒருவர், இரண்டு மூன்று நாள் நடைத்தொலைவில் கடலோரத்தில் இருக்கும் மடைப்பள்ளியை நேரில் நடத்த முடியாது. ஆகவே சத்திர வரலாற்றின் நடுவில் இருக்கும் கேள்வி கட்டடத்தைப் பற்றியது அல்ல. அன்றாடப் பொறுப்பை யாரிடம், எந்த ஏற்பாட்டோடு ஒப்படைத்தார்கள் என்பதே அது.

இந்தக் கேள்விக்குக் காவிரி நாடு, இந்தச் சத்திரங்களுக்கு எட்டு நூற்றாண்டுகள் முன்பே ஒரு விடை கண்டிருந்தது. 1010இல் குடமுழுக்குக் கண்ட தஞ்சைப் பெரிய கோயிலின் சுவர்களில் அந்த விடை வெட்டப்பட்டிருக்கிறது. ஒரு நந்தாவிளக்கு எரிய நாள்தோறும் ஓர் உழக்கு நெய் வேண்டும். அந்த நெய்யைக் கோயில் தேடிப் போகவில்லை. விளக்கு ஒன்றுக்குத் தொண்ணூற்றாறு ஆடுகள் என்று இடையரிடம் ஒப்புவிக்கப்பட்டன. ஆடுகளைப் பெற்றவர்கள் நாள் தவறாமல் நெய் அளக்கக் கடமைப்பட்டார்கள். ஆடு சாகலாம், குட்டி போடலாம். கணக்கில் மட்டும் மந்தை குறையக் கூடாது. ‘சாவா மூவாப் பேராடு’ என்ற கல்வெட்டுத் தொடருக்குப் பொருள் அதுதான். நெய்யின் அளவு எழுத்தில் இருந்தது. மந்தையை மேய்ப்பதும் கறப்பதும் கடைவதும் இடையருடைய பொறுப்பு. அதில் அரசன் தலையிட வேண்டிய தேவையே எழவில்லை.

ஆட்களைப் பொறுத்தும் இதே முறை. கோயில் பண்டாரத்தைக் காக்கும் பண்டாரிகளையும் கணக்கரையும் அனுப்பும் கடமை சோழநாட்டு ஊர்ச்சபைகள்மேல் விழுந்தது. நிலமோ பொருளோ உறவினரோ உடையவர்களையே பண்டாரிகளாக அனுப்ப வேண்டும் என்பது கட்டளை. தவறு நேர்ந்தால் ஈடுகட்ட ஏதேனும் இருக்க வேண்டும் என்ற முன்யோசனை அதில் தெரிகிறது. கோயிலில் ஆடும் தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேருக்கும் ஆளுக்கு ஒரு பங்கு, ஆண்டுக்கு நூறு கலம் நெல் என்று வகுத்தார்கள். ஒருவர் இறந்தாலோ ஊரைவிட்டுப் போனாலோ நெருங்கிய உறவினர் அந்தப் பணியை ஏற்க வேண்டும். அவர் தகுதியில்லாதவரானால் தகுதியான ஒருவரை அவரே தேர்ந்து நிறுத்த வேண்டும். ஆள் மாறினாலும் வேலை நிற்காதபடி செய்த ஏற்பாடு இது. ஒப்படைப்பதன் நுட்பம் முழுவதும் இந்தக் கல்வெட்டுகளில் இருக்கிறது.

மராட்டியர் காலச் சத்திரங்கள் இந்த மரபின் தொடர்ச்சி. ஒவ்வொரு சத்திரத்துக்கும் தனியாக ஊர்களும் நிலங்களும் விடப்பட்டன. அரண்மனைக் கருவூலம் வற்றினாலும் சத்திரத்து அடுப்பு அணையாமல் இருக்க அதுவே வழி. அந்த வருவாயைக் கொண்டு அங்கிருந்த அலுவலரே உக்கிராணத்தை நிரப்பி, பரிசாரகரை வைத்து, வந்தவருக்குச் சோறு போட்டார். யாருக்கு எவ்வளவு அரிசி, என்ன குழம்பு, எவ்வளவு மோர் என்பதைப் படித்தரம் தீர்மானித்தது. படித்தரம் என்பது கோயிலிலும் சத்திரத்திலும் நாள்தோறும் செலவாக வேண்டிய பொருள்களின் எழுதிவைத்த அளவு. அது இருந்ததால் சத்திரத்துக்காரர் ஒவ்வொன்றுக்கும் அரண்மனையைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அதை மீறித் தம் விருப்பப்படி குறைக்கவும் இடமில்லை. வரவும் செலவும் மராத்தியில், மோடி எழுத்தில் பதிவாயின. சத்திரங்களைப் பற்றிய குறிப்புகள் மோடி ஆவணங்களில் நிறைந்து கிடக்கின்றன. கே. எம். வேங்கடராமையா எழுதி 1984இல் தமிழ்ப் பல்கலைக்கழகம் வெளியிட்ட ‘தஞ்சை மராட்டிய மன்னர்கால அரசியலும் சமுதாய வாழ்க்கையும்’ என்ற நூல் அந்த ஆவணங்களைத் துணைக்கொண்டது.

1799 அக்டோபர் 25 அன்று ஏற்பட்ட உடன்படிக்கையால் தஞ்சை நாட்டின் ஆட்சி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போயிற்று. சரபோஜியிடம் மிஞ்சியது கோட்டையும் வருவாயில் ஒரு பங்கும். நாட்டையே இழந்த நிலையில் அவர் எதை விடமாட்டேன் என்று பற்றிக்கொண்டார் என்பது கவனிக்கத்தக்கது. 1801இல் கம்பெனியின் ரெசிடெண்ட் பெஞ்சமின் டோரினுக்கு எழுதிய கடிதத்தில், சத்திரங்களைத் தம் பொறுப்பிலேயே விடவேண்டும் என்று கேட்டார். கம்பெனியும் இணங்கியது.

அந்தக் கடிதம் சத்திரத்தின் ஒருநாளை அப்படியே கண்முன் நிறுத்துகிறது. பிராமணர் முதல் பறையர் வரை, ஜோகி, ஜங்கமர், பக்கீர் உட்பட வழிநடப்பவர் எவருக்கும் சமைத்த சோறு உண்டு. சமைத்ததைத் தொடாதவருக்கு அரிசியும் மளிகையும் தரப்படும். நள்ளிரவு வரை இது நடக்கும். பிறகு மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர் இருந்தால் வரலாம் என்று கூவி அழைப்பார்கள். நோயுற்றவருக்கு மருந்தும் பத்தியச் சாப்பாடும் கொடுத்து, குணமாகும்வரை மரியாதையோடு கவனிப்பார்கள். விஷக்கடிக்கு வைத்தியம் தெரிந்தவர் சத்திரத்திலேயே இருப்பார். கைக்குழந்தைக்குப் பால் உண்டு. வழியில் பிள்ளை பெற்றவள் மூன்று மாதம்வரை தங்கலாம். அனாதைக் குழந்தைகளை வாத்தியாரிடம் ஒப்படைத்து, மூன்று வேளை சோறு போட்டு, நான்கு நாளைக்கு ஒருமுறை எண்ணெய் தேய்த்துவிடுவார்கள். அவர்கள் விரும்பிய கல்வியைக் கற்றுத்தந்து கல்யாணச் செலவையும் ஏற்பார்கள். இறந்தவருக்கு அவரவர் வழக்கப்படி ஈமச்சடங்கு நடக்கும்.

எண்ணெய் முழுக்குக்குக்கூட நாள்கணக்கு வைத்திருந்தார்கள் என்பது சிறிய செய்தி அல்ல. ‘குழந்தைகளை நன்றாகப் பார்த்துக்கொள்’ என்று மட்டும் சொல்லியிருந்தால், பார்த்துக்கொள்பவரின் மனநிலையைப் பொறுத்தே எல்லாம் நடந்திருக்கும். அன்பும் அளவோடு எழுதப்பட்டதால்தான் அரசன் கண்ணில் படாத ஊரிலும் அது குழந்தையின் தலைவரை போய்ச் சேர்ந்தது.

அன்றாடம் இப்படி ஓர் ஒழுங்கில் ஓடியதால் சரபோஜியின் கவனம் புதியவற்றின்மேல் போக முடிந்தது. சோறு போடும் இடமாக இருந்த ஒரத்தநாட்டுச் சத்திரம் கல்விச்சாலையாகவும் வளர்ந்தது. தஞ்சாவூரில் மருத்துவத்துக்கான தன்வந்திரி மகால், தேவநாகரி அச்சுக்கூடம், சரசுவதி மகால் நூலகத்துக்குச் சுவடி சேர்க்கும் பணி ஆகியவையும் இந்த ஆண்டுகளில்தான் நடந்தன. 1820இல் அவரே சுமார் மூவாயிரம் பேரோடு காசி யாத்திரை புறப்பட்டார். இரண்டு ஆண்டளவு ஊரில் இல்லை. திரும்பும்போது சுவடிகளோடு வந்தார். வழிநடப்பவருக்குச் சத்திரம் கட்டியவர், தாமே வழிநடப்பவராகிப் போன காலத்திலும் சேது வழியில் சோறு வெந்துகொண்டிருந்தது.

1855இல் சரபோஜிக்குப் பின் வந்த இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசின்றி இறந்தார். அரசு மறைந்தது, சத்திரங்கள் ஆங்கில அரசின் கைக்கும், பின்னர் தஞ்சை மாவட்டக் கழகத்தின் கைக்கும் போயின. தனி நிலம் இருந்ததால் அவை அரசோடு சேர்ந்து அழியவில்லை. ஆனால் யாத்திரை மாறிவிட்டது. 1860களின் தொடக்கத்தில் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சை வழியாகத் திருச்சிக்கு ரயில் ஓடியது. 1914இல் பாம்பன் பாலம் திறந்ததும் இராமேசுவரத்துக்கே ரயில் போயிற்று. நடந்து போகிறவர் குறைந்தார்கள். ஆள் வராத சத்திரத்துக்கு நெல் மட்டும் வந்துகொண்டிருந்தது. அந்த வருவாய் கல்விப் பக்கம் திரும்பிற்று. 1881இல் திருவையாற்றில் வடமொழிக் கல்லூரி தொடங்கியது. ஒரத்தநாடும் ராஜாமடமும் மாணவர் விடுதிகள் ஆயின.

இங்கேதான் ஒப்படைப்பின் இருண்ட பக்கம் தெரிந்தது. எல்லாச் சாதியாருக்கும் சோறு என்று தொடங்கிய அறம், காலப்போக்கில் கைமாறிக் கைமாறி, சிலருக்கு மட்டும் பயன்படுவதாகச் சுருங்கியிருந்தது. 1920களில் மாவட்டக் கழகத் தலைவராக இருந்த ஏ. டி. பன்னீர்செல்வம், கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் உமாமகேசுவரம் பிள்ளையின் துணையோடு அதைத் திருத்தினார். அறம் வைத்தவர் கல்விக்கென்றுதான் வைத்தாரே ஒழிய வடமொழிக்கு மட்டும் என்று வைக்கவில்லை என்பது அவர்கள் பக்கத்து வாதம். திருவையாற்றில் தமிழ் வித்துவான் படிப்பு வந்தது. கல்லூரி அரசர் கல்லூரி ஆயிற்று. ஒரத்தநாடு, ராஜாமடம் விடுதிகள் பிராமணரல்லாத மாணவருக்கும் ஆதிதிராவிட மாணவருக்கும் திறந்துவிடப்பட்டன. மாவட்டக் கழகங்கள் கலைக்கப்பட்ட பின் சத்திர நிர்வாகம் தஞ்சை மாவட்ட ஆட்சியரிடம் வந்தது; அதைக் கவனிக்கத் தனி வட்டாட்சியர் ஒருவரும் இருக்கிறார்.