நெமவாஷி

நெமவாஷி என்பது, முறையான முடிவுக்கு முன்பே சம்பந்தப்பட்டவர்களைத் தனித்தனியாகச் சந்தித்து இசைவு பெறுவதைக் குறிக்கும் ஜப்பானியச் சொல். 'நெ' என்றால் வேர். 'மவாசு' என்னும் வினைக்குச் சுற்றச் செய்தல் என்று பொருள். சொல் பிறந்த இடம் தோட்டம். பெரிய மரத்தை இடம் மாற்றுவதற்குப் பல மாதங்கள் முன்பே அடியைச் சுற்றித் தோண்டி, பருத்த வேர்களை நறுக்கிவிடுவார்கள். நுண்வேர்கள் புதிதாக விட்டபின் பெயர்த்து நட்டால் மரம் பட்டுப்போகாது.

ஜப்பானிய நிறுவனங்கள் மென்பொருள் வாங்கும்போதும் இதுவே வழக்கம். கணக்குப் பிரிவு, கணினிப் பிரிவு, அன்றாடம் அதைப் பயன்படுத்தப்போகும் ஊழியர்கள் என ஒவ்வொரு தரப்பின் ஐயமும் முன்கூட்டியே கேட்கப்படும். அதன் பிறகே 'ரிங்கிஷோ' எனப்படும் முன்மொழிவுத் தாள் மேசை மேசையாகச் சுற்றி முத்திரைகள் பெறும். முத்திரை வழக்கத்தைக் குறைக்க 2020இல் அரசே முனைந்தது. பல இடங்களில் தாள் கணினிக்குள் போனதே தவிர, சுற்று நிற்கவில்லை.

கூட்டம் என்பது பெரும்பாலும் ஏற்கெனவே எட்டிய இசைவை உறுதிசெய்யும் இடம். அங்கே வாதாடி வெல்லலாம் என்று வரும் வெளிநாட்டு விற்பனையாளர் காலம் தாழ்ந்து வந்தவர். தாமதம் இம்முறையின் உண்மையான குறை. ஆனால் வாங்கிய மென்பொருளை ஊழியர்கள் ஏற்க மறுக்கும் சிக்கலை இது வெகுவாகக் குறைக்கிறது.