இரவல் மின்சாரம்

பினாங்கு நகராட்சி 1904-ஆம் ஆண்டில் ஜார்ஜ் டவுனுக்கு மின்சாரம் வழங்கத் தொடங்கிய வரலாறு நம்மவர் பலருக்குத் தெரியும். அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்னர், 1894-இல், ரவாங் ஈய லம்பத்தில் லோக் இயூவும் தம்புசாமிப் பிள்ளையும் மின்னாக்கி ஒன்றை இயக்கியதும், 1900-இல் ரவுப் தங்கச் சுரங்கத்தார் செம்பம் ஆற்றில் நீர்மின் நிலையம் அமைத்ததும் நூல்களில் உள்ளன. மின்நிலையத்தைக் கட்டுவதற்கு வேண்டிய ஆற்றல் எங்கிருந்து வந்தது என்னும் வினாவைத்தான் நாம் எழுப்புவதில்லை.

நீர்மின் நிலையம் அருவியையும் மலைச்சரிவையும் தேடிச் செல்வது. ஆகவே ஊரை விட்டு விலகியே அமையும். அங்கே பாறையைத் துளைக்கவும் கற்காரை கலக்கவும் இரவில் விளக்கெரிக்கவும் விசை வேண்டும். அனைத்திலும் இன்றியமையாதது நீரிறைப்பு. ஆற்றைத் தற்காலிக அணையால் ஒதுக்கி அடித்தளம் தோண்டும்போது குழிக்குள் ஊறும் நீரை ஓயாது வெளியேற்ற வேண்டும். பொறி நின்றால் குழி நிரம்பும். செம்பம் கட்டப்பட்ட நாளில் இரந்து பெறுவதற்குக்கூட அருகில் வேறொரு மின்நிலையம் கிடையாது.

தமிழகத்தில் இச்சிக்கலுக்கு இருவேறு விடைகள் கிடைத்தன. நீலகிரியில் பைக்காரா நீர்மின் திட்டம் உருவானபோது, அதன் கட்டுமானத்துக்கு மின்சாரம் தருவதற்கென்றே கிளென் மார்கனில் ஒரு சிறு நீர்மின் நிலையத்தை முதலில் அமைத்தனர். ஏறத்தாழ 3,000 அடி உயரத்திலிருந்து விழும் நீரால் இயங்கிய பைக்காரா 1932-இல் செயற்படத் தொடங்கியது. கோயம்புத்தூர் ஆலைகளின் வளர்ச்சியைப் பேசுவோர் பைக்காராவைக் குறிப்பிடத் தவறுவதில்லை. கிளென் மார்கனின் பெயரை எத்தனை பேர் கேட்டிருப்பர்?

மேட்டூரின் கதை இன்னும் சுவையானது. காவிரி நீர் குறித்து மைசூர் அரசும் சென்னை மாகாண அரசும் நெடுங்காலம் வழக்காடி, 1924-இல் உடன்படிக்கை செய்துகொண்டன. மறு ஆண்டு மேட்டூர் அணைப் பணி தொடங்கிற்று. ஏறத்தாழ 5,300 அடி நீளமுள்ள அணை. சுற்றிலும் மலையும் காடும். மலேரியா மிகுந்த நிலம். அங்கு இயங்கிய பொறிகளுக்கு மின்சாரம் தந்தது மைசூர் அரசின் சிவசமுத்திரம் மின்நிலையம். 1902-இல் கோலார் தங்கவயலுக்கென எழுந்த நிலையம் அது. நீருக்காக வழக்காடிய இரு அரசுகளில் மேலே இருந்தது, கீழே இருந்ததன் அணையைக் கட்டுவதற்கு அதே காவிரியின் விசையைக் கம்பி வழியே அனுப்பியது. காவிரிப் பூசலைப் பற்றிய மேடைப் பேச்சுகளில் இச்செய்தி இடம்பெறாமை நமக்கு வியப்பளிக்கிறது.

இத்தகைய மின்சாரத்துக்கு நம் கலைச்சொல் ஏடுகள் ‘தற்காலிக மின்வழங்கல்’ என்று பெயரிடும். தவறில்லை; ஆயினும் ‘தற்காலிகம்’ காலத்தை மட்டுமே சுட்டும் வடசொல். ‘இரவல்’ என்பதோ ‘இர’ என்னும் வினையடியாகப் பிறந்தது. ஒருவர் கேட்பதையும் மற்றொருவர் கொடுப்பதையும் ஒருசேர உணர்த்துவது. அண்டை வீட்டில் உரலை இரவல் வாங்கினால் அவ்வுரலையே திருப்பித் தருவோம். கடனாக வாங்கிய அரிசிக்கு வேறு அரிசி அளப்போம். மின்சாரம் பயன்பட்டவுடன் தீர்ந்துவிடுவதால் கண்டிப்பாகப் பார்த்தால் இரண்டிலும் அடங்காது. எனினும், பணி முடிந்ததும் கம்பியைக் கழற்றிக்கொண்டு போகும் ஏற்பாட்டுக்கு ‘இரவல்’ பொருந்தும் என்பதே நம் கருத்து. இன்றைய கட்டுமானத் தளங்களில் பெட்டகங்களுக்குள் பொருத்திய டீசல் மின்னாக்கிகளை வாடகைக்குக் கொணர்கின்றனர். தொழிலாளர் நாவில் அது ‘ஜென்செட்’. அச்சொல்லை விலக்கி ‘மின்னாக்கித் தொகுதி’ என்று வற்புறுத்துவதில் நமக்கு ஆர்வமில்லை. அவர்கள் பேசும் பொருளை அவர்கள் அறிவார்கள்.

தற்காலிகம் என்று வகுக்கப்பட்டதன் வரலாறு எழுதப்படாமற்போவது மலாயாத் தமிழருக்குப் புதிதன்று. ரப்பர்த் தோட்டங்களுக்கு ஒப்பந்தத்தில் வந்தோரையும் ஆட்சியாளர் திரும்பிச் செல்பவர்களாகவே கணக்கிட்டனர். ஆனால் அணைக் குறிப்பேடுகளை ஊன்றிப் படித்தால் இரவல் மின்சாரத்தின் தடம் அகப்படும்: செலவுக் கணக்கில் ஒரு வரி, நிலப்படத்தில் ஒரு கம்பித்தடம், ஒரு பழைய புகைப்படத்தின் ஓரத்தில் ஒரு மின்கம்பம்.

மேட்டூர் அணை 1934-இல் நிறைவுற்று ஸ்டான்லி நீர்த்தேக்கம் என்று பெயர் பெற்றது. 1937-இல் அணையடியில் அதற்கெனச் சொந்த மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. சிவசமுத்திரத்தில் சுழலிகளை ஒருமுறை சுழற்றிவிட்டு வந்த காவிரி நீரே இங்கும் சுழலிகளைச் சுழற்றிற்று.