சங்கு ஊதிய நாட்கள்

மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டு வந்தபோது, "சார், ஹாஸ்டல் நினைவுகள் நிறைய வந்துடுச்சு, நீங்க வரலாறு ஏதாவது எழுதுங்க" என்றார்கள். வரலாறு படித்துவிட்டு வங்கியில் குப்பை கொட்டியவனுக்கு இப்படிக் கேட்டால் சந்தோஷம்தான். நினைவையும் வரலாற்றையும் கலந்தே எழுதிவிடுகிறேன்.

1974-ல் நான் பி.ஏ. சேர்ந்தபோது, பழைய கட்டிடத்தில் மாடிப்படிக்கு அடியில் சுவரில் நான்கு இரும்புக் கொக்கிகள் இருந்தன. எங்கள் செட் அதில் குடை மாட்டுவது வழக்கம். "அது குடைக்கு இல்ல கண்ணு, சண்டை டைம்ல மணல் வாளி மாட்டினது" என்று ஒருநாள் சொன்னவர் எங்கள் துறை அட்டெண்டர். ஓய்வு பெற இரண்டொரு வருடம் இருந்தது அவருக்கு. தாத்தா என்றுதான் கூப்பிடுவோம். வகுப்பறையில் படித்த இரண்டாம் உலகப் போர் ஹிட்லரோடு முடிந்துவிட்டது. சென்னைக்கு வந்த போரை நான் படித்தது அவரிடம்தான்.

அதற்கும் முன்னால் ஒரு போர் இந்த ஊருக்கு வந்து போயிருக்கிறது. 1914 செப்டம்பர் 22 இரவு, ஜெர்மானியக் கப்பல் எம்டன் துறைமுகத்துக்கு எதிரே வந்து சுமார் 130 குண்டுகளைச் சுட்டது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. சில உயிர்களும் போயின. கப்பல் தலைவன் கார்ல் ஃபான் முல்லருக்கு வேலை சுலபமாக இருந்ததற்குக் காரணம், போர் தொடங்கி ஏழு வாரம் ஆகியும் சென்னை விளக்குகளை எல்லாம் ஏற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததுதான். விளக்கை அணைக்கச் சொல்ல ஆள் இல்லை. மறுநாள் முதல் ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ரயிலடிக்கு ஓடினார்கள். 'அவன் பெரிய எம்டன்பா' என்ற சொல் மட்டும் நமக்கு மிஞ்சியது.

1939-ல் அடுத்த போர் வந்தபோது சர்க்கார் அப்படி இருந்துவிடவில்லை. பிரிட்டனில் ஏற்கெனவே நடைமுறையில் இருந்த ஏ.ஆர்.பி. என்ற விமானத் தாக்குதல் முன்னெச்சரிக்கை முறை இங்கேயும் வந்தது. தெருவில் இருப்பவர்களையே வார்டன் ஆக்கினார்கள். சங்கு ஏறி இறங்கி ஊதினால் விமானம் வருகிறது, ஒரே சீராக ஊதினால் ஆபத்து நீங்கியது. ஜன்னலுக்குக் கறுப்புக் காகிதம், கார் விளக்குக்கு மறைப்பு. திறந்த வெளிகளில் பதுங்கு குழிகள் வெட்டினார்கள். குழியை நேராக வெட்டாமல் வளைத்து வளைத்து வெட்டவேண்டும்; நேராக இருந்தால் வெடிச் சிதறல் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை போய்விடும். தீக்குண்டு விழுந்தால் பதற்றத்தில் தண்ணீரை வாரி ஊற்றக்கூடாது, சிதறித் தெறிக்கும், மணலைக் கொட்டி அமுக்கவேண்டும். அதற்குத்தான் நம் கொக்கிகளில் வாளிகள். வாளியில் மணல் குறையாமல் பார்த்துக்கொள்வது தாத்தாவின் வேலை. "பசங்க பீடியை அதுலதான் அணைப்பானுங்க" என்பார்.

இந்த ஏற்பாடுகளில் எனக்குப் பிடித்தது வேறொன்று. லண்டன் வார்டன்கள், தம் பகுதியில் எந்த வீட்டில் யார் இரவு படுக்கிறார்கள், எந்த அறையில், என்று விவரம் வைத்திருந்தார்கள். வீடு இடிந்து விழுந்தால் எந்தப் பக்கம் தோண்டுவது, எத்தனை பேரைத் தேடுவது என்று அதை வைத்துத்தான் சொல்வார்கள். தலைக்கவசமும் சங்கும் கண்ணுக்குத் தெரிந்தன. உயிர் காத்தது பல சமயம் அந்தக் குறிப்பு நோட்டுதான்.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூரும் மார்ச்சில் ரங்கூனும் விழுந்தன. ஏப்ரல் 5-ல் கொழும்பில் குண்டு, மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும். ஜப்பான் படை சென்னைக்கு வருகிறது என்ற தகவல் கிடைத்ததும், இத்தனை மாதம் "பதற்றம் வேண்டாம்" என்று பழக்கிய அதே சர்க்கார், அவசியமில்லாதவர்கள் ஊரைவிட்டுப் போகலாம் என்றது. அதுதான் நம் பாட்டிமார் 'எவாக்குவேஷன் சமயம்' என்று கல்யாணத்துக்கும் பிரசவத்துக்கும் கணக்கு வைத்துச் சொன்ன காலம். உயர் நீதிமன்றம் கோயம்புத்தூருக்குப் போனது. மூர் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த உயிர்க்காட்சி சாலையில், குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் என்ன ஆகுமோ என்று, கொடிய மிருகங்களைச் சுட்டுக் கொன்றார்கள்.

1941 கணக்கில் நகரின் ஜனத்தொகை சுமார் 7.77 லட்சம். கிராமத்தில் வீடும் நிலமும் இருந்தவர்கள் போனார்கள். தாத்தாவுக்கு அப்போது இருபத்தைந்து வயது, பிறந்தது வளர்ந்தது எல்லாம் ராயபுரம். "கெளம்பு கெளம்புன்னாங்க. எங்க கெளம்பறது? ஊருன்னா எனக்கு இதான் ஊரு" என்றார். பூட்டிய கல்லூரிக்குக் காவலாக அவரை விட்டுவிட்டுப் போனார்கள். கையில் சாவிக்கொத்து, கொக்கியில் நான்கு வாளி மணல். எங்கள் தெருவில் வார்டன் யாரென்று கேட்டால் அவரே முதலில் ரயிலேறிவிட்டார் என்று சிரித்தார். ஜப்பான் படை வரவில்லை. போனவர்கள் மெல்லத் திரும்பினார்கள்.

விமானம் வந்தது 1943 அக்டோபரில். ஒரே ஒரு ஜப்பானிய விமானம், இரவில், துறைமுகப் பக்கம் சில குண்டுகளைப் போட்டுவிட்டுப் போனது. பெரிய சேதமில்லை. ஆனால் அதே மாதம் பெருமழை பெய்து கூவம் கரை புரண்டு, தாழ்வான இடமெல்லாம் மூழ்கிக் கிடந்தது. "சங்கு ஊதுச்சா இல்லையான்னே தெரியாது தம்பி. மழைச் சத்தத்துல ஒண்ணும் காதுல உழல. நாங்க குடிசைல தண்ணி மொண்டு ஊத்திக்கினு இருந்தோம்." நான்கு வருடம் வானத்தைப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தார்கள், வந்தது காலுக்குக் கீழே.

இதை எல்லாம் இத்தனை தெரிந்து வைத்திருந்த நான் என்ன செய்தேன் என்பதையும் எழுதவேண்டும் அல்லவா?

2015 டிசம்பர் 1. ஜாபர்கான்பேட்டையில் ஒரு முதல் மாடியில் குடியிருந்தேன். அடையாறு பொங்கி இரவோடு இரவாகத் தெருவுக்குள் வந்தது. கரண்ட் இல்லை, செல்போன் செத்துவிட்டது. அடுத்த வீட்டுக் கீழ்ப்போர்ஷனில் ஒரு அம்மாள் தனியாக இருந்தார். தீபாவளிக்குப் பெங்களூரில் மகள் வீட்டுக்குப் போனவர் இன்னும் வரவில்லை என்று நானாக நினைத்துக்கொண்டு படுத்துவிட்டேன். அவர் இரண்டு நாள் முன்பே திரும்பியிருந்தார். விடியற்காலையில், சமையல் மேடைமேல் உட்கார்ந்திருந்தவரை எதிர்வீட்டுப் பையன் கழுத்தளவுத் தண்ணீரில் போய்த் தூக்கி வந்தான். பிழைத்தார். "நீங்க மேலதானே இருக்கீங்கன்னு கூப்ட்டேன் சார், மழைல கேக்கல போலிருக்கு" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை.

இன்று மாநகராட்சிக்கு 1913, மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கு 1070, மாவட்டத்துக்கு 1077 என்று எண்கள் இருக்கின்றன. மழைக்கு முன்பே படகும் மோட்டாரும் தயார் செய்கிறார்கள், கைப்பேசிக்கு எச்சரிக்கை வருகிறது. எல்லாம் நல்ல ஏற்பாடுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த அம்மாள் பெங்களூரில் இருக்கிறாரா, சமையல் மேடையில் இருக்கிறாரா என்பது எந்தக் கட்டுப்பாட்டு அறைக்கும் தெரியாது.

2016 ஐப்பசியில் ஒரு நீள நோட்டு வாங்கி எங்கள் தெருவின் 46 வீடுகளையும் எழுதினேன். யார் எந்த மாடி, படியேற முடியாதவர் உண்டா, தினமும் மருந்து, மாற்றுச் சாவி யாரிடம். முதலில் "எதுக்கு சார், எலக்‌ஷனா?" என்று சந்தேகப்பட்டார்கள். இப்போது ஊருக்குப் போகும்போது அவர்களே சொல்லிவிட்டுப் போகிறார்கள். அந்த அம்மாள் வீட்டுச் சாவி எங்கள் வீட்டு ஆணியில் தொங்குகிறது.

கொக்கிகள் இருந்த கட்டிடத்தை இடித்துவிட்டார்கள். கல்லூரிக்குப் பின்னால் உள்ள தெருக்கள் இன்னும் அப்படியேதான் இருக்கின்றன, தாழ்வாக. இப்போது படிக்கும் பிள்ளைகளில் நாலு பேர் முன்வந்தால் ஐப்பசிக்குள் எழுதி முடித்துவிடலாம். சங்கமம் அன்று நோட்டைக் கொண்டு வருகிறேன், கேட்டு வாங்கிப் பாருங்கள்.