ஆயிரம் கெஜத்துக்கு அப்பால்

என் மகள் குடியிருப்பது நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில், பெல்ரோஸில். அங்கே போன முதல் வாரம், காலை நடையில் தெருப் பலகைகளைப் படித்துக்கொண்டே போனேன். வின்செஸ்டர் பூல்வார்ட். மஸ்கட் தெரு. சேபர் தெரு. பிஸ்டல் தெரு. வாசலில் ரோஜாச் செடியும் பிள்ளைகளின் சைக்கிளும் நிற்கும் வீடுகளுக்கு நடுவே இப்படிப் பெயர்கள். சற்றுத் தள்ளி உயர்ந்து நின்ற மனநல மருத்துவமனையின் பெயர்ப் பலகையைப் பார்த்ததும் கால் நின்றுவிட்டது. க்ரீட்மூர்.

நாற்பது வருஷமாகத் துப்பாக்கி சுடுதலைப் பற்றிக் கைக்குக் கிடைத்ததையெல்லாம் படிப்பவள் நான். திருச்சியில் கல்லூரியில் சேர்ந்தபோது என்.சி.சி.யில் பாயிண்ட் இருபத்திரண்டு ரைஃபிளைக் கையில் கொடுத்தார்கள். இருபத்தைந்து கெஜத் தூரம், ஐந்து தோட்டா, தரையில் படுத்துச் சுட வேண்டும். முதல் நாள் என் அட்டையில் நான்கு ஓட்டைதான் இருந்தது. பக்கத்துப் பெண்ணின் அட்டையில் ஆறு. பயிற்சி கொடுத்த ஹவில்தார் திட்டவில்லை. “ஏம்மா, கை நல்லாத்தான் இருக்கு. எந்த அட்டைன்னு பார்க்காம மூச்சைப் பிடிச்சிட்ட” என்றார். அந்த ஆறாவது ஓட்டை நடுவளையத்துக்குள் இருந்தது. கணக்கில் சேரவில்லை.

அதனால்தான் 1874-ல் க்ரீட்மூரில் நடந்ததைப் படித்தபோது ஜே. கே. மில்னர் என்ற ஐரிஷ்காரரின் வலி எனக்கு உடனே புரிந்தது.

க்ரீட்மூர் முன்பு க்ரீட் என்ற குடும்பத்தின் பண்ணை நிலம். அமெரிக்க உள்நாட்டுப் போரில் தங்கள் வீரர்களுக்குக் குறி பார்க்கவே தெரியவில்லை என்று மனம் நொந்த வில்லியம் சர்ச், ஜார்ஜ் விங்கேட் என்ற இரண்டு அதிகாரிகள் 1871-ல் தேசிய ரைஃபிள் சங்கத்தைத் தொடங்கினார்கள். நியூயார்க் மாநிலத்தின் பண உதவியோடு மறு வருஷம் பண்ணையை வாங்கி, 1873-ல் சுடுதளத்தைத் திறந்தார்கள். முன்மாதிரி இங்கிலாந்தின் விம்பிள்டன். அங்கே 1860-ல் விக்டோரியா அரசி பட்டுக் கயிற்றை இழுத்து முதல் குண்டைச் சுட்டுத் தொடங்கி வைத்த போட்டிகள் அதற்குள் பெரிய திருவிழாவாக வளர்ந்திருந்தன. 1873-ல் அங்கே எல்கோ கேடயத்தை வென்ற ஐரிஷ் அணி, அமெரிக்கர்களைப் போட்டிக்கு அழைத்தது. ஆயிரம் கெஜத் தூரத்தில் சுட்டுப் பழகியவர்கள் அமெரிக்காவில் அரிது. ஆனாலும் அழைப்பை ஏற்றார்கள். ரெமிங்டன், ஷார்ப்ஸ் நிறுவனங்கள் இதற்கென்றே புது ரைஃபிள்களைச் செய்தன.

800, 900, 1000 கெஜம். அணிக்கு ஆறு பேர். ஒவ்வொரு தூரத்திலும் ஆளுக்குப் பதினைந்து குண்டு. இலக்கு பன்னிரண்டு அடி அகல இரும்புப் பலகை. நடுவே மூன்றடிச் சதுரம். அதில் பட்டால் நான்கு புள்ளி. தொலைநோக்கி இல்லை. பின்னால் நூலளவு ஏற்றி இறக்கக்கூடிய சிறு துளைக் குறி, முன்னால் மட்டம் பார்க்கும் நீர்க்குமிழி வைத்த குறி, அவ்வளவுதான்.

அந்தக் கருமருந்து ரைஃபிளின் ஈயக் குண்டு ஆயிரம் கெஜம் போய்ச் சேர ஏறக்குறைய மூன்று விநாடி ஆகும். அதற்குள் காற்று அதைத் தள்ளும். வெயில் ஏறினால் கானல் எழுந்து பலகையையே மிதக்க வைக்கும். துப்பாக்கியின் கோணம் பாகையில் அறுபதில் ஒரு பங்கு பிசகினால் நூறு கெஜத்தில் ஓர் அங்குலம் தவறும், ஆயிரத்தில் பத்து அங்குலம். எரிந்த மருந்தின் கசடு குழலுக்குள் காய்ந்து கெட்டியானால் அடுத்த குண்டு எங்கே போகும் என்று சொல்ல முடியாது. அதற்காகக் குழலைத் துடைப்பார்கள், அல்லது ஈரம் ஏற வாயால் ஊதுவார்கள். எந்தக் காற்றுக்குக் குறியை எவ்வளவு நகர்த்தினால் குண்டு எங்கே பட்டது என்பதைத் திரும்பத் திரும்பச் சுட்டுத்தான் கண்டுபிடிக்க முடியும். பயிற்சி என்றால் எனக்கு இதுதான்.

செப்டம்பர் 26 அன்று மில்னர் ஒரு குண்டைச் சரியாக நடுச் சதுரத்தில் வைத்தார், ஆனால் வேறு பலகையில். புள்ளி பூஜ்யம். அமெரிக்கர் ஹென்றி ஃபுல்டன் 180-க்கு 171 எடுத்தார். கடைசிக் குண்டு கர்னல் ஜான் போடைனுக்கு மிச்சமிருந்தபோது ஐரிஷ் அணி 931, அமெரிக்கா 930. சற்று முன் இஞ்சி பானப் புட்டி வெடித்துப் போடைனின் கையைக் கிழித்திருந்தது. ரத்தம் கசிந்த கையில் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு படுத்தார், சுட்டார். நடுச் சதுரம். 934.

இந்த வெற்றிக்கு உதவிய ஷார்ப்ஸின் இன்னொரு பக்கத்தையும் நான் சொல்லியாக வேண்டும். அதே வருஷம் ஜூன் 27 அன்று டெக்சாஸின் அடோபி வால்ஸ் என்ற இடத்தில் முகாமிட்டிருந்த காட்டெருமை வேட்டைக்காரர்களைக் கமான்சிகளும் அவர்களோடு சேர்ந்த பிற பழங்குடியினரும் தாக்கினார்கள். அவர்களுடைய சோறே அந்த எருமை மந்தைதான். அதைத் தோலுக்காகக் கொன்று குவித்தால் யார் பொறுப்பார்கள்? மூன்றாம் நாள் பில்லி டிக்சன் என்ற வேட்டைக்காரர் இரவல் வாங்கிய ஷார்ப்ஸால் வெகு தொலைவில் குதிரைமேல் இருந்த ஒருவரைச் சுட்டு வீழ்த்தினார். பிற்பாடு 1538 கெஜம் என்று அளந்து சொன்னார்கள். அந்த அளவைப் பற்றிய வாதம் ஓயவில்லை. டிக்சனே அதைக் குருட்டாம்போக்கில் பட்டது என்றுதான் சொன்னார். அந்த ஒப்புதலுக்காக அவரை மதிக்கிறேன். அது அவருடைய திறமைக்குள் இருந்த தூரம் அல்ல.

எருமைகளை வேட்டைக்காரர்கள் அவ்வளவு தூரத்தில் சுடவில்லை. இருநூறு, முந்நூறு கெஜத்தில், காற்றுக்கு எதிர்ப்பக்கமாகப் படுத்து, கவைக்குச்சியில் துப்பாக்கியைத் தாங்கி, முதலில் மந்தையை நடத்தும் மாட்டின் நுரையீரலில் சுடுவார்கள். அது விழுந்ததும் மற்றவை ஓடாமல் திகைத்து நிற்கும். 1889-ல் ஹார்னடே என்ற விலங்கியலாளர் கணக்கெடுத்தபோது கண்டம் முழுக்க ஆயிரத்துச் சொச்சம்தான் எஞ்சியிருந்தன. அதற்குள் ஷார்ப்ஸ் கம்பெனியும் மூடிவிட்டது.

க்ரீட்மூரைச் சுற்றிக் குடியிருப்புகள் நெருங்கி வந்ததும் வழிதவறிய குண்டுகளைப் பற்றிப் புகார்கள் எழுந்தன. 1890-களின் தொடக்கத்தில் நிலம் மாநிலத்துக்கே திரும்பிப் போனது. 1912-ல் நோயாளிகள் வந்தார்கள். பெயர் மட்டும் 2007-ல் ஹார்னடி நிறுவனத்தின் ஒரு தோட்டாவில் மறுபடி பிறந்தது. போட்டிக்கென்று செய்த அந்த 6.5 க்ரீட்மூரை இன்று தொலைதூர வேட்டைக்காரர்கள் விரும்பி வாங்குகிறார்கள். அவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் இடம் எட்டு, பத்து அங்குல அகலம். பலகை அடி எடுத்து வைக்காது; மான் வைக்கும். குறி தவறினால் பலகையில் ஒரு புள்ளி குறையும். மான் குடல் கிழிந்து புதருக்குள் போய் இரண்டு நாள் கிடக்கும். எந்தத் தூரத்தில் உங்கள் முதல் குண்டு ஒவ்வொரு முறையும் அந்தப் பத்து அங்குலத்துக்குள் விழுகிறது என்று சுடுதளத்தில் கண்டுபிடியுங்கள். அதைத் தாண்டி நிற்கும் விலங்கை விட்டுவிடுங்கள்.

ஊர் திரும்புவதற்கு முந்தின நாள் மகளையும் அழைத்துக்கொண்டு வின்செஸ்டர் பூல்வார்டுக்குப் போனேன். அவளை ஒரு மரத்தடியில் நிற்கச் சொல்லிவிட்டு நடக்க ஆரம்பித்தேன். என் நடைக்கு இரண்டடி. ஆயிரம் கெஜத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு எட்டு. எண்ணி முடித்துத் திரும்பிப் பார்த்தேன். மரம் தெரிந்தது. அதன் அடியில் சிவப்பாக ஒரு பொட்டு, அவளுடைய ஸ்வெட்டர். பொட்டு அசைந்தது. என்னைப் பார்த்துக் கை காட்டுகிறாளா, முதுகைக் காட்டி நிற்கிறாளா என்று தெரியவில்லை.