சம்மட்டி வாங்கும்போது எடையை மட்டும் பார்க்காதீர்கள்

தோட்டத்தை விட்டுத் தாமான்களுக்குக் குடிபெயர்ந்த பேராக் குடும்பங்கள் பலவற்றின் வீட்டுப் பின்புறத்தில் இன்னும் ஒரு சம்மட்டி கிடக்கும். ரப்பர் ஷீட்டுகளைக் காயவைக்கும் புகைவீட்டுக்காக ரப்பர் கட்டை பிளந்த காலத்துக் கருவி அது. இப்போது பெரும்பாலும் வீட்டைப் புதுப்பிக்கும்போதுதான் வெளியே வருகிறது. சமையலறைச் சுவரை உடைக்கவும், பின்புறக் காங்கிரீட் தரையைப் பெயர்க்கவும், வேலிக்கால் இறக்கவும் அது தேவைப்படுகிறது. காயம் படுவதும் அப்போதுதான்.

சம்மட்டியோடு பேராக் தமிழருக்கு நெடுநாள் உறவு உண்டு. மலாயாவின் முதல் ரயில் பாதை 1885-இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு, அதாவது இன்றைய கோல செப்பெத்தாங்குக்குத் திறக்கப்பட்டது. அதன்பின் நீண்ட பாதைகளிலும் பொதுப்பணித் துறையின் சாலைகளிலும் தமிழ்த் தொழிலாளர்கள் பெருமளவில் உழைத்தனர். தண்டவாள ஆணி அடிக்கும் சம்மட்டியின் தலை ஒல்லியாக, நீளமாக இருக்கும். தண்டவாளத்தில் படாமல் ஆணியின் தலையை எட்டுவதற்காக அந்த வடிவம். கட்டை பிளக்கவும் கல் உடைக்கவும் உருண்டு தடித்த தலைதான் சரி. ஒரே சம்மட்டியை எல்லா வேலைக்கும் பயன்படுத்தலாம் என்ற நினைப்பு அன்றும் செல்லவில்லை, இன்றும் செல்லாது.

பழைய சம்மட்டித் தலைகளில் எடை ராத்தலில் பொறித்திருக்கும். கடையில் இன்றும் பலர் அந்தக் கணக்கில்தான் கேட்கிறார்கள். 4 ராத்தல், அதாவது 1.8 கிலோ, குட்டைக் கைப்பிடியோடு வருவது. உளி அடிக்கவும் டைல்ஸ் பெயர்க்கவும் அதுவே போதும். 8 ராத்தல் 3.6 கிலோ, 10 ராத்தல் 4.5 கிலோ. இரண்டுக்கும் ஏறக்குறைய 3 அடி நீளக் கைப்பிடி இருக்கும். 14 ராத்தல் 6 கிலோவைத் தாண்டிவிடும். வீட்டு வேலைக்கு அது வீண் கௌரவம்.

இதற்குக் காரணம் எளிய கணக்கு. எடை இரட்டிப்பானால் அடியின் ஆற்றல் இரட்டிப்பாகும். வேகம் இரட்டிப்பானால் அதுவே நான்கு மடங்காகும். நன்றாக வீசும் 8 ராத்தல், தட்டுத்தடுமாறித் தூக்கும் 14 ராத்தலை வென்றுவிடும். கடையிலேயே சம்மட்டியைத் தோள் உயரத்துக்கு மெதுவாகப் பத்து முறை தூக்கிப் பாருங்கள். கடைசித் தூக்கில் தலை ஆடினால் அதற்குக் குறைந்த எடையே உங்களுக்கு ஏற்றது.

அடுத்துக் கைப்பிடி. மரமென்றால் நுனியில் தெரியும் வளையக் கோடுகளைப் பாருங்கள். அவை அடிக்கும் திசையிலேயே ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் சீக்கிரம் முறியும். முடிச்சுள்ள கைப்பிடி வேண்டவே வேண்டாம். கைக்கெட்டும் ரப்பர் மரத்தைச் செதுக்கிப் போடுவதும் நல்லதல்ல, பதப்படுத்தாத ரப்பர் மரத்தைப் பூச்சி அரித்துவிடும். பைபர்கிளாஸ் கைப்பிடி மழைக்கும் பூச்சிக்கும் தாங்கும். வெடிப்பு விட்டால் மட்டும் மாற்றிவிட வேண்டும்.

தலை ஆடினால் சம்மட்டியைத் தண்ணீரில் ஊறவைப்பது தோட்டத்துப் பழக்கம். மரம் ஊறிப் பருத்து அன்றைக்குப் பிடித்துக்கொள்ளும். காய்ந்ததும் முன்பைவிட அதிகமாகத் தளரும். கைப்பிடியின் அடிப்பக்கத்தைத் தரையில் குத்தித் தலையை இறுக்கி, மேலே புது ஆப்பு அடிப்பதுதான் முறை.

அடிக்கும்போது கால்களைத் தோள் அகலத்துக்கு விரித்து, முழங்காலைச் சற்று மடக்கி நில்லுங்கள். தூக்கும்போது ஒரு கை தலைக்கு அருகில் இருக்கட்டும். இறங்கும்போது அது வழுக்கி வந்து மற்றக் கையோடு சேரட்டும். வேலையைச் செய்வது சம்மட்டியின் எடைதான், கை வழிகாட்டினால் போதும். காங்கிரீட் தரையை நடுவில் அடித்துக் களைத்துப் போகாமல் ஓரத்திலிருந்து தொடங்க வேண்டும். கடப்பாரையால் ஓரத்தை நெம்பி, அடியில் ஒரு கல்லை வைத்துவிட்டால் பலகை போல உடையும். கட்டை பிளப்பதென்றால், முனையில் ஏற்கெனவே இருக்கும் வெடிப்பில் இரும்பு ஆப்பை வைத்து, அது தானாக நிற்கும்வரை மெல்லத் தட்டி, கையை எடுத்த பிறகுதான் ஓங்க வேண்டும்.

கண்ணாடி அணியாமல் சம்மட்டியைத் தொடாதீர்கள். வெயில் கண்ணாடி கணக்கில் சேராது, பக்கமும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி தேவை. தலை பூவாக விரிந்த ஆப்பும் உளியும் ஆபத்தானவை. அந்த விளிம்பிலிருந்து தெறிக்கும் இரும்புச் சிதறல் கண்ணைத் துளைக்கும், அதைச் சாணை பிடித்துச் சீராக்க வேண்டும். சம்மட்டியைச் சம்மட்டியால் அடிப்பதும், கோடரியின் பின்புறத்தில் சம்மட்டியால் அடிப்பதும் அதே காரணத்தால் கூடாது. சிதறல் கண்ணில் பட்டுவிட்டால் தேய்க்கவோ பிடுங்கவோ முயலாமல், அழுத்தாமல் கண்ணை மூடிக்கொண்டு நேராக மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். வலி குறைந்துவிட்டதே என்று வீட்டில் இருந்துவிடக் கூடாது.

சுவர் உடைப்பது தனி விஷயம். வரிசை வீடுகளில் பக்கத்து வீட்டோடு பகிரும் சுவரையும் தூணையும் உத்தரத்தையும் தொடக்கூடாது. பழைய வீடுகளில் உள்சுவரே கூரையைச் சுமந்துகொண்டிருக்கலாம். தட்டிப் பார்த்துச் சத்தத்தை வைத்து முடிவு செய்ய முடியாது, விவரம் தெரிந்தவர் பார்க்க வேண்டும். கட்டட மாற்றங்களுக்கு ஊராட்சி மன்றத்தின் அனுமதி தேவை. 1974-ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டம் அதைத்தான் சொல்கிறது. ஈப்போ வீடுகளுக்கு அந்த மன்றம் ஈப்போ மாநகர் மன்றம். அனுமதி கிடைத்த பிறகும் மின் இணைப்பையும் தண்ணீரையும் அடைத்துவிட்டு, மேலிருந்து கீழாகக் கொஞ்சம் கொஞ்சமாக உடைக்க வேண்டும். அடியில் துளைபோட்டால் மொத்தச் சுவரும் ஆள்மீது சாயும்.

தோட்டத்துப் பழைய வீடுகளில் அலை அலையான சாம்பல்நிறக் கூரைத் தகடுகள் இருந்தால், அவை அஸ்பெஸ்டாஸாக இருக்கக்கூடும். அவற்றின்மேல் சம்மட்டி படவே கூடாது. உடைந்தால் பறக்கும் நுண்தூசி நுரையீரலில் தங்கி, பல ஆண்டுகள் கழித்தும் நோயைக் கொண்டுவரும். முழுத் தகடாக இறக்கத் தெரிந்தவர்களிடம் அந்த வேலையை ஒப்படைத்துவிடுங்கள்.